மாடிக்கு வந்த விருந்தாளி

இனிமேல் விருந்தாளிகளோடு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று கோபிநாத் முடிவெடுத்தார். பேச வேண்டியதை எல்லாம் போனில் ஒரு மெஷினிடம் ஒப்படைத்துவிட்டார். வைத்திக்குப்பத்துக் கடற்காற்று நேராக வந்து மோதும், அவர் நாள் வாடகைக்கு விடும் மாடி அறையில் தங்க வருகிறவர்கள் எதைக் கேட்டாலும், அது கண்ணிமைக்கும் முன் பதில் எழுதும். பதில் எப்போதும் ஒன்றுதான்: நிச்சயமாக, செய்து தருகிறோம்.

செய்து தருவது அவர் மனைவி சுலோசனா.

பெங்களூர்க்காரர் ஒருவர் விடியும் முன்பே வரலாமா என்று கேட்டார். நிச்சயமாக. சுலோசனா எழுந்து கதவைத் திறந்தாள். சென்னைப் பெண்கள், வாங்கி வந்த மீனை வறுத்துத் தர முடியுமா என்றார்கள். நிச்சயமாக. ஒருவர் தன் நாய்க்குத் தயிர்சாதம் கேட்டார். நிச்சயமாக, தாளிக்காமல்.

"ஏங்க, அந்த மெஷினுக்கு வாய் மட்டும்தான். கை என்னுதா?"

"அதுக்கு இன்னா இப்போ?"

"ஒரு எல்லை வையுங்க. சாவி எங்க இருக்கு, கேட்டு எப்ப பூட்டுவோம், வைஃபை இன்னா, அதோட நிறுத்திக்கட்டும். வேலை வைக்கிற விஷயம்னா மனுஷங்ககிட்ட அனுப்பட்டும்."

"இல்லன்னு சொன்னா வர்றவங்க போடற நட்சத்திரத்துல ஒண்ணு போயிடும், சுலோ. இந்தத் தெருவுலயே நமக்குத்தான் அஞ்சும் முழுசா இருக்கு."

"எனக்கு இடுப்பு போவுது."

"இடுப்புக்கு யாரும் நட்சத்திரம் போடறதில்ல."

சுலோசனா அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேச்சை நிறுத்தும் இடம்தான் பயப்பட வேண்டிய இடம் என்பது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் கோபிநாத்துக்குப் பிடிபடவே இல்லை.

சனிக்கிழமை காலை போன் மணியடித்தது. விருந்தாளி வாசலில் என்றது. யார் என்று பார்க்கும் வழக்கத்தை அவர் என்றோ விட்டுவிட்டார். அறையைக் கொடுப்பதும் வரவேற்பதும்கூட மெஷின்தான்.

"சுலோ, ஆள் வந்தாச்சு!"

பதில் வாசலிலிருந்து வந்தது.

"வந்துட்டேன், சார்."

கஞ்சி போட்டு மொடமொடக்கும் புடவை, தலையில் மல்லி, கையில் பை. சுலோசனா நின்றிருந்தாள்.

"இன்னா விளையாட்டு இது?"

"என் பேர்லதான் புக் பண்ணேன். உங்க மெஷின் வருக வருகன்னுச்சு. நீங்க பாக்கலியா?"

"சொந்த வீட்டுக்கு யாராவது வாடகை குடுப்பாங்களா?"

"சொந்த வீட்டுல ஒரு நாள் உக்காரணும்னா எனக்கு வேற வழி இன்னா இருக்கு?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விரல் விட்டு எண்ணினாள்.

"இப்ப இஞ்சி டீ. மதியம் வஞ்சிரம் வறுவல். சாயங்காலம் காஞ்ச துணியை மடிச்சு வைக்கணும். எல்லாத்துக்கும் நிச்சயமாகன்னு எழுதியிருக்குது."

"இதெல்லாம் யாரு செய்யறது?"

"விருந்தாளியப் போய் கேக்கறீங்களே, சார்! நாளைக்கு நான் நட்சத்திரம் வேற போடணும்." படியேறிப் போய்விட்டாள்.

கோபிநாத் டீ போட்டார். மீன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

"இன்னா அண்ணே, நீ வந்திருக்க? அண்ணிக்கு உடம்பு சரியில்லியா?" என்றாள் மீன் விற்கும் பார்வதி.

"வீட்டுக்கு விருந்தாளி" என்றார், மீனைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவியதில் கவுச்சி சட்டையெல்லாம் ஒட்டியது. எண்ணெய் கையில் தெறித்தது. மேலே யாரோ நிம்மதியாகப் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

சாப்பாட்டுத் தட்டை மேலே கொடுத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தார். சாவி, கேட்டு, வைஃபை. இதைத் தாண்டி மெஷின் வாய் திறக்கக் கூடாது, மற்றதெல்லாம் மனுஷனுக்கு. அவள் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல். அந்த மனுஷனின் நம்பர் என்ன என்று மெஷின் கேட்டது. சுலோசனா நம்பரைப் போடத்தான் விரல் போயிற்று; ஆனால் தங்கியிருக்கும் விருந்தாளியின் நம்பரையே போடுவது முறையில்லை. தன் நம்பரைப் போட்டார்.

எல்லை வைத்தாயிற்று. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். அலைச் சத்தம் தாலாட்டியது.

போன் அடித்தது. மாடியிலிருந்து.

"இன்னொரு டீ கேட்டேங்க. மெஷின் இப்ப ரொம்ப ஒழுங்காயிடுச்சு, தன்னால முடியாதாம், மனுஷன்கிட்ட அனுப்புதாம். சக்கரை கம்மியா எடுத்துட்டு வாங்க, மனுஷரே."