தங்க எழுத்துப் பலகை

தன் பெயருக்குப் பொருள் காண 'உயர்மட்டக் குழு' அமைத்த மரம் அறுக்கும் மில் ஊர், கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் எங்கள் கேகோநிபா ஒன்றுதான். ஆற்றங்கரையில் மில் தொழிலாளர்களுக்கு நாற்பது வீடுகள் கட்ட உத்தரவாகியிருந்தது. அதற்குத் தகுந்த பெயர்ப்பலகை வேண்டுமல்லவா? நாற்பதில் ஒரு வீடு எனக்கு. நாற்காலி தூக்கிப் போட ஆள் வேண்டியிருந்ததால் நானும் குழு உறுப்பினன்.

மேயர் லலோந்த் செருமினார். "எங்க பிரெஞ்சுப் பாதிரிமார் வச்ச பேரு. 'அழகிய வளைவு'ன்னு அர்த்தம்."

"ரயில் பாதை போட்ட இஞ்சினியரோட மாமியார் பேருங்க அது," என்றார் ஆங்கிலேயத் தலைமையாசிரியர்.

"எங்க பின்லாந்துக்காரங்க, 'நல்ல நீராவிக் குளியல்'னு சொல்வாங்க," என்றேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாச் சொல்லும் கடைசியில் அங்கேதான் போய் முடியும்.

மூன்றும் ஒருமனதாக ஏற்கப்பட்டன.

காபி ஊற்றிக்கொண்டிருந்த மில் சமையல்காரி டீலியா, இந்த மண்ணின் பூர்வகுடியான ஓஜிப்வே இனத்தவள், கெட்டிலைக் கீழே வைத்தாள். "பேரு வச்சது எங்க ஆளுங்க. ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களாய்யா?"

"சொல்லும்மா," என்றார் மேயர் பெருந்தன்மையோடு.

"'இங்க தூங்காதே.' அவ்வளவுதான். ஏப்ரல்ல ஐஸ் உடைஞ்சு கரையேறி வரும்ல? அதான், எங்காளுங்க மேட்டுலதான் படுப்பாங்க."

குழுவுக்கு மெய்சிலிர்த்தது.

"தூங்கா நகரம்," என்றார் மேயர், கண்கள் பனிக்க. "பலகையில முதல் வரியே இதுதான்."

"நகரம் தூங்கினா என்ன, தூங்காட்டி என்ன? நான் ஆளுங்களைச் சொன்னேன் மேயரே."

"குறிப்புல ஏத்திக்கிட்டோம்மா."

ஐஸ் விஷயத்தில் மேயரை மிஞ்ச ஆளில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். குளிர்காலந்தோறும் உறைந்த ஆற்றின் நடுவில் ஒரு பழைய காரை நிறுத்தி, ஐஸ் உடைந்து அது என்றைக்கு முழுகும் என்று ஊரே ஊகிக்கும். சரியாகச் சொன்னவருக்குப் பன்றித் தொடை பரிசு. ஐந்து வருடமாக அந்தத் தொடை மேயர் வீட்டுக்குத்தான் போகிறது.

இலையுதிர் காலத்தில் வீடுகள் முடிந்தன. அஸ்திவாரம் தோண்டியதில் என் முதுகுக்கும் பங்குண்டு. பலகையும் வந்தது, தேவதாரு மரம், தங்க எழுத்து, நான்கு மொழிகள். நான்கு பேர் தோளில் சுமந்து நின்றோம்.

"எங்க நடணும் மேயரே? வீடுங்களுக்கு முன்னாடி, கரையிலயா?" என்று கேட்டேன்.

மேயர் பதறிப்போனார். "கரையிலயா? உனக்கென்ன கிறுக்கா எய்னோ? தங்க எழுத்துப்பா. ஏப்ரல்ல ஐஸ் வந்து சுருட்டிட்டுப் போயிடும். மேட்டுல நடு."

மேட்டில் நட்டோம். மேயர் என் வீட்டுச் சாவியைக் கொடுத்து, கைகுலுக்கி, நிம்மதியாகத் தூங்கச் சொன்னார்.