உஷ் சார் முன்னிலையில் ஒரு வரவேற்புரை

காக்கைகூட அனுமதி கேட்டுக் கரைகிற கட்டடம் இந்த உலகத்தில் ஒன்றுதான். ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன நூலகம். காரணம், உஷ் சார். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் விசில் ஊதியதற்குப் பிராயச்சித்தமோ என்னவோ, இப்போது ஊரார் வாயை மூடவைப்பதே முழுநேர வேலை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

உதட்டில் விரலை வைத்து அவர் ‘உஷ்’ என்றால், செய்தித்தாள் படிப்பவர்கள் பாதிப் புரட்டலில் நிற்பார்கள். கிறீச்சிட்ட மின்விசிறியை ஒருமுறை முறைத்தார், அன்றைக்கே நின்றுபோனது. மோட்டார் காயில் எரிந்துபோய்விட்டது என்றார் எலெக்ட்ரீஷியன். நாங்கள் நம்பவில்லை. இன்னொரு நாள் வாசலில் ஓர் ஆட்டோவை மறித்து, என்ஜினை அணைக்கச் சொன்னார்.

“இன்னா சார், அப்பால வண்டிய தள்ளிக்கினா போறது?”

“தள்ளுப்பா. நானும் ஒரு கை குடுக்கிறேன்.”

கொடுத்தார். தெருமுனை வரைக்கும்.

இப்பேர்ப்பட்டவர் குடியிருக்கும் இடத்தில்தான் கூட்டம் நடத்த வேண்டி வந்தது. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எல்லா நூலகங்களிலும் ஒரு மாதம் ஒரே நாவலைப் படிப்பது, பிறகு அதை எழுதிய அம்மையார் நூலகம் நூலகமாக வந்து பேசுவது என்று ஏற்பாடு. எங்களுக்குத் தனி அரங்கம் கிடையாது. செய்தித்தாள் படிக்கும் கூடம்தான். வாசகர் வட்டச் செயலாளர் என்பதால் வரவேற்புரை என் தலையில்.

“மயிலாப்பூர்ல கூட்டம் அமர்க்களமாம். இங்க அந்தம்மாவைப் பாத்து இவர் உஷ்னு சொல்லி, அவங்க எழுந்து போயிட்டாங்கன்னா, அப்புறம் ஒரு எழுத்தாளரும் நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாங்க,” என்றார் நூலகர். “அவரை நீங்கதான் பாத்துக்கணும்.”

எனக்குத் தூக்கம் போயிற்று. தயங்கித் தயங்கிப் போய் நின்றேன்.

“சார், சனிக்கிழமை இங்க ஒரு அம்மா பேசறாங்க...”

“எவ்வளவு சத்தமா?”

“மைக்ல, சார்.”

கண்ணாடியைக் கழற்றினார். எனக்குக் கண் இருட்டியது.

“அன்னிக்கு நீங்க பீச் பக்கம் காத்து வாங்கப் போனா...”

“கடல் போடற சத்தத்துக்கா?”

கடைசியில் இறங்கி வந்தார். “அந்தம்மாவை ஒண்ணும் சொல்ல மாட்டேன். இது வாக்கு. நானும் அந்த நாவலைத்தான் படிச்சிட்டிருக்கேன்.”

வாக்கை நான் நம்பினேன். இருந்தாலும் மைக்கின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அம்மையார் வந்துவிட்டார். முதல் வரிசையில், மடியில் நாவலோடு உஷ் சார். நான் மைக்கைப் பிடித்தேன். கையிலிருந்த தாளைப் பார்க்காமல் உஷ் சாருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில், நாக்கு தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. ஆசிரியரைப் பாராட்டினேன். அட்டையைப் பாராட்டினேன். அச்சகத்தைப் பாராட்டினேன். பாராட்ட வேறு ஆள் கிடைக்காமல் கதைக்குள் புகுந்துவிட்டேன்.

“ஊரே செத்துப்போயிட்டான்னு நினைச்ச அந்தத் தம்பி, கடைசியில அக்கா வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போது...”

“உஷ்ஷ்ஷ்!”

உஷ் சார் எழுந்து நின்றிருந்தார். நாவலின் கடைசிப் பகுதியில் சொருகிய விரலோடு கையைத் தூக்கிக் காட்டினார்.

“யோவ், நான் இன்னும் அங்க வரலைய்யா! நாலு நாளா அந்தப் பையனுக்காக அழுதுக்கிட்டிருக்கேன்!”

கூடம் வெடித்துச் சிரித்தது. அம்மையார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பிரமாதமாகப் பேசினாராம். நான் கேட்கவில்லை. அகராதி அலமாரிக்குப் பின்னால் முகத்தை ஒளித்து உட்கார்ந்திருந்தேன். ஊரையே உட்காரவைத்துப் படிக்கச் சொன்ன கதையை ஒரே வாக்கியத்தில் உடைத்த மகானுக்கு வாட்ஸ்அப் குழுவில் மாலைகள் விழுந்தவண்ணம் இருந்தன.

கூட்டம் கலைந்த பிறகு உஷ் சார் தேடிக்கொண்டு வந்தார். ஒரு நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கி வந்து என் பக்கத்தில் போட்டார். திட்டு வாங்கத் தோதாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அவன் உயிரோட வரான்னு தெரிஞ்சப்புறம் வீடு வரைக்கும் பொறுக்க முடியலை, தம்பி,” என்று நாவலைப் பிரித்தார். “இன்னும் கொஞ்சம் பக்கம்தான். முடிச்சதும் யார்கிட்டயாவது பேசணும். போயிடாதே.”

சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் மாறுகிற அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.