மொட்டைமாடியில் ஒரு குழாய்

கொழும்பிலே சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிட்ட ஒரே மனிதர் என்னுடைய லொட்ஜில்தான் இருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இடுப்பில் கட்டின ஒற்றைச் சாரத்தோடு வெள்ளவத்தையில் வந்திறங்கி, தேநீர் ஆற்றி, கீழே சாப்பாட்டுக்கடை, மேலே லொட்ஜ் என்று தனியாளாக எழுப்பினவன். எத்தனையோ படிப்பாளிகளுக்கு அறை கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு பிறவியைக் கண்டதில்லை.

புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க். வாய் திறந்தால் "ஏன் தெரியுமோ?" என்றுதான் தொடங்குவார். வெங்காயம் ஏன் கண்ணைக் கரிக்கிறது, பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை, எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கும். லொட்ஜ் இருந்த ஒழுங்கை முழுக்க அவருக்குப் பெயரே 'ஏன் தெரியுமோ'.

கரப்பான் தலையில்லாமலும் பல நாள் உயிர் வாழும் என்று நிரூபிக்க, ஒன்றைத் தலையைக் கிள்ளிப் போத்தலில் அடைத்து என் காசு மேசையில் வைத்தார். போத்தல் கவிழ்ந்து, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த பாங்கு மனேஜரின் சட்டைப் பைக்குள் அது விழுந்தது. "பயப்பிடாதேங்கோ சேர், தலையில்லை, கடிக்காது!" என்று இவர் ஆறுதல் வேறு சொன்னார். மனேஜர் அதற்குப் பிறகு பம்பலப்பிட்டியில்தான் தோசை சாப்பிட்டார்.

மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. இவர் மட்டும் தன் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை.

"அரசாங்கம் முள்ளைத் தள்ளலாம் முதலாளி. சூரியனைத் தள்ளேலுமோ?"

"ஐசே, சண்டைக்காலம். பழைய நேரம் வன்னியிலை புலியளிட்டைதான் ஓடுது. பொலிஸ் கண்டால் என்ன சொல்லுவீர்?"

கேட்டால்தானே!

சித்திரை வருசப்பிறப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளுயர இரும்புக் குழாய் ஒன்றை மொட்டைமாடியில் நட்டார். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"ஏன் தெரியுமோ? இண்டைக்குச் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியிலை. பன்னிரண்டேகாலுக்கு இந்தக் குழாய்க்கு நிழலே இராது."

வானத்தைப் பார்த்து நிற்கும் குழாய் என்றால் அந்த நாளில் ஜனங்களுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும். ஷெல் அடிக்கிற குழாய். யாரோ தொலைபேசியைத் தூக்கிவிட்டார்கள். ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவரும் கொன்ஸ்டபிள்கள் இருவரும் மாடியேறி வந்தார்கள்.

"மே மொகத?", இது என்ன என்று இன்ஸ்பெக்டர் குழாயைக் காட்டிக் கத்தினார். நான் விளக்கினேன். கடைச் சிங்களத்தில் என்னை வெல்ல ஆளில்லை. அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டேகாலுக்கு நிழல் போகாவிட்டால் ஆளை ஜீப்பில் ஏற்றுவேன் என்றார். ஏற்றினால் எப்போது திரும்பி வருவாரென்று யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டேகால் ஆனது. நிழல் ஒரு சாண் நீளத்துக்குச் சொகுசாகப் படுத்துக் கிடந்தது.

கொன்ஸ்டபிள் கொலரைப் பிடித்தார். "நேரம் வரேல்லை சேர்! இப்ப பதினொண்டே முக்கால்தான்!" என்று இவர் மணிக்கட்டை நீட்டினார். பழைய நேரத்தைக் கண்டதும் இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது.

நான் குறுக்கே போய் நின்றேன். "சேர், ஆளுக்குப் பிடிவாதம், வேறொண்டுமில்லை. புது நேரம் சூரியனுக்கும் தெரியாது. அரைமணி பொறுங்கோ. நிழல் போகாட்டி என்னையும் ஏத்துங்கோ." சொல்லிவிட்டு எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் எடுப்பித்தேன். தேநீர் கையிலிருந்தால் ஒருவரும் அடிக்க மாட்டார்கள். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத பாடம்.

பாதித் தேநீரில் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது.

"ஏன் தெரியுமோ, கடற்காத்து..."

"வாயை மூடும்!" என்றேன்.

மேகம் ஆடி அசைந்து நகர்ந்தது. வெயில் திரும்பியபோது நிழல் நாலு விரலாகியிருந்தது. பிறகு இரண்டு. பிறகு குழாயின் அடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு கொன்ஸ்டபிள் சப்பாத்தைத் தூக்கித் தன் நிழலைத் தேடினார். இன்ஸ்பெக்டர் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டார்.

"ஆனாலும் சும்மா விட்டுப் போக முடியாது," என்றார் சிங்களத்தில். "சொந்தக்காரர் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். இனி ஏதும் நடந்தால் அவரைத்தான் பிடிப்பேன். இவன் உனக்கு யார்?"

கொழும்பில் எங்கள் 'ஏன் தெரியுமோ'வுக்கு ஒரு சொந்தமும் இல்லை. அதையும் விளக்கமாகச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"மகே மல்லி," என்றேன். என் தம்பி.

அன்றைக்கு அது பொய் என்றுதான் நினைத்தேன்.