நாற்பது மேசையில் ஒரு மேசை

இடம் பிடிப்பவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். கலியாண மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் ஒரு கைக்குட்டை, ஒரு குடை, ஒரு குழந்தைச் சப்பாத்து என்று வைத்து, இன்னும் வீட்டை விட்டே புறப்படாத பதினொரு பேருக்குக் கதிரை காத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். யாராவது கிட்ட வந்தால், "ஆள் வருது" என்பார். எந்த ஆள், எப்போது வருகிறார் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி அருமைராசா. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஞாயிறு பூசைக்கு முக்கால் மணி நேரம் முந்திப் போய், நீள வாங்குப் பலகையின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு செபப் புத்தகத்தை வைத்துவிட்டு நடுவில் உட்காருவார். கோயில் எல்லாருக்கும் பொது என்று சுவாமியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொன்னார். அருமைராசா அதை முதல் வாங்கில் இருந்து மிகத் தெளிவாகக் கேட்டார்.

அப்படிப்பட்டவர் ஏரிக்கரைக்கு ஒருநாள் பயணம் போனால்?

2005 யூன் மாதம். ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி என்று பள்ளிக்கூடம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை. வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருந்த அந்த ஏரிக்குப் போகவேண்டும் என்று கேட்டவள் மகள் ஷெரோன். ஒன்பது வயது. குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் நகரசபையின் உள்ளக நீச்சல் குளத்தில் பழகியவள். சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு வேலை. அவள் நீந்தி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கரையில் இருந்து மிதவைக் கயிறுவரை நிற்காமல் நீந்துவேன், அப்பா பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"பாக்காமல்? அதுக்குத்தானே போறம்" என்றார் அருமைராசா.

விடிய ஐந்து மணிக்கு வீட்டை எழுப்பினார். மனைவி றோஸ்மேரி புட்டையும் கோழிக்கறியையும் கட்டி முடிப்பதற்குள் மூன்று தரம் ஹோர்ன் அடித்தார். வழியில் கோப்பிக்குக்கூட நிறுத்தாமல் ஓட்டி, எட்டு மணிக்குத் திறக்கிற ஏரிப் பூங்கா வாசலில் ஏழே காலுக்கே காரைக் கொண்டுபோய் மூக்கு முட்ட நிறுத்தினார். வாசல் திறந்தது. உள்ளே மணல், தண்ணீர், பைன் மரங்கள், நாற்பது மேசைகள். ஒரு குருவிகூட உட்கார்ந்திருக்கவில்லை.

வேறொருவர் என்றால் கையைக் காலை நீட்டியிருப்பார். அருமைராசாவுக்கோ பதற்றம் பிடித்தது. நல்ல மேசை போய்விட்டால்? ஓடினார். நிழல், அடுப்பு, தண்ணீர்க் குழாய் மூன்றும் கிட்ட இருந்த மேசையைப் பிடித்து, ஒரு நுனியில் பாய், மறு நுனியில் ஐஸ் பெட்டி, நடுவில் புட்டுப்பானை என்று எல்லை போட்டார். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, ஏரியைத் தவிர.

காரணம் இல்லாமல் இல்லை. மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்தபோது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மூலை பிடித்த குடும்பங்கள் நனையாமல் படுத்தன. அருமைராசாவின் குடும்பம் பிந்தி வந்தது, மழையில் கிடந்தது. அதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. ஆனால் அது பதினைந்து வருடக் கதை. இங்கே நல்ல வெயில், மேசை இன்னும் முப்பத்தொன்பது மிச்சம்.

ஒன்பது மணிக்கு ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி வந்து, மேசையின் ஒரு ஓரத்தில் இருக்கலாமா என்று கேட்டார்கள். தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி, பெரிய குடும்பம் ஒன்று வருகிறது என்றார் அருமைராசா. அவர்கள் தள்ளிப்போய் ஐந்தாவது மேசையில் உட்கார்ந்து, அங்கிருந்து இந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை எங்கோ பழகிய பார்வையாக அவருக்குப் பட்டது.

பத்து மணிக்கு றோஸ்மேரி தண்ணீர்ப் பக்கம் இருந்து கூப்பிட்டாள். வாறன் என்றார். எப்படி வருவது, மேசையை யார் பார்ப்பது? சற்று நேரத்தில் கைதட்டல் கேட்டது. ஒரே ஒருவரின் கைதட்டல்.

ஷெரோன் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"பாத்தனீங்களோ அப்பா?"

"ஓம் பிள்ளை, பாத்தனான். வடிவா நீந்தினனீ."

அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏரிப்பக்கம் பார்த்தாள். பைன் மரங்கள் தெரிந்தன. எழுந்து போனாள். அருமைராசாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"அப்பா, தண்ணிக்குக் கிட்ட ஒரு இடம் இருக்கு. துவாயைப் போட்டுப் பிடிச்சு வைச்சிருக்கிறன். கெதியா வாங்கோ, ஆக்கள் வருகினம்."

பிடித்து வைத்த இடம் ஒன்று காத்திருக்கிறது என்றால் இந்த இனத்துக்கு இருப்புக் கொள்ளுமா? எழுந்து நடந்தார். மணலில் துவாய், நான்கு மூலைக்கும் நான்கு கல், நடுவில் ஒற்றைச் சப்பாத்து. மகள் தொழிலை முறைப்படி கற்றிருந்தாள். சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஷெரோன் தண்ணீரில் இறங்கினாள். பாதித் தூரம் போயிருப்பாள், பின்னால் ஐஸ் பெட்டி மேசையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அருமைராசாவின் கழுத்து ஒரு அங்குலம் திரும்பியது. அங்கேயே நின்றது. பிறகு திரும்பி ஏரிக்கு வந்தது. சின்னக் கை ஒன்று எழுந்து மிதவைக் கயிற்றைப் பிடிப்பதை அவர் முழுதாகப் பார்த்தார். கண் கலங்கியது. றோஸ்மேரி தட்டுவதற்கு முன்பே அவர் தட்டினார்.

திரும்பி வந்தால், மேசையில் கட்டம் போட்ட விரிப்பு. புட்டுப்பானை மரியாதையாக ஓரம் கட்டப்பட்டிருந்தது. வாங்கின் ஒரு நுனியில் கிழவரின் தொப்பி, மறு நுனியில் கிழவியின் கைப்பை, நடுவில் இருவரும் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அருமைராசாவுக்குக் கோபம் வரவில்லை. சொந்தக்காரரைக் கண்டதுபோல், "போன்ஜூர்" என்றார். பானையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரோரத்துத் துவாய்க்கே போனார்.

சிரிக்கிறீர்கள். சந்தோசம். ஆனால் இதை மெட்ரோவில் இருந்து படிக்கிறீர்கள் என்றால், பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரியுங்கள். ஒருவர் வெகுநேரமாக நிற்கிறார்.