சுசீலா வீட்டு வசதிகள்

தேயிலை எஸ்டேட் கொடுத்த வீட்டின் வாசற்படியில் ஃப்ரிட்ஜ் சிக்கிக்கொண்டது. சுசீலா உள்ளே இருந்து தள்ளினாள், அவள் கணவன் பாலு வெளியே இருந்து இழுத்தான், அது அசையவில்லை. பதினோரு மணிக்கு வறுமைக் கணக்கெடுப்பு அதிகாரி வந்துவிடுவார்.

ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் ஆறு வருடமாகிறது. மஞ்சூர் மலை ஈரத்தில் அரிசி பூசணம் பிடிக்காமலிருக்க அதற்குள் கொட்டி வைத்திருந்தாள். போன முறை வந்தவர் கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. வசதியுள்ள குடும்பம் என்று எழுதிப் பட்டியலில் பெயரை அடித்துவிட்டார். இலை இல்லாத மாதங்களில் பாதி நாள்தான் எஸ்டேட்டில் வேலை என்று அவள் சொன்னது எடுபடவில்லை. இந்த முறையும் பெயர் விட்டுப்போனால் மகள் வர்ஷாவின் நர்சிங் படிப்புக்கு உதவித்தொகை கிடையாது. அவளும் இலைக்கூடையைத் தூக்கவேண்டியதுதான்.

ஒருவழியாக ஃப்ரிட்ஜ் பக்கத்து வீட்டு கெஸியாவிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே நேற்றே கணக்கெடுத்து முடித்துவிட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், புகை படிந்த சுவரில் ஃப்ரிட்ஜ் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டது. அதை மறைக்க பீரோவை இழுத்துப் போட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அந்தப் பழைய பீரோ, நேற்று வந்த சீர்வரிசை மாதிரி மின்னியது. அதுவும் கெஸியா வீட்டுக்குப் போயிற்று. பிறகு டிவி கண்ணை உறுத்தியது. டிவி போனதும் கட்டில் எடுப்பாகத் தெரிந்தது. கடைசியில் காஸ் அடுப்பு, பாத்திரம், கொடியில் கிடந்த துணி எல்லாம் போயின.

இருபது வருடக் குடித்தனம் முக்கால் மணி நேரத்தில் காலியாகிவிட்டது. ஒளிக்கவேண்டிய வசதி இவ்வளவுதானா என்று சுசீலாவுக்குத் தோன்றியது.

கெஸியா பாலுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் திடமா நிக்கிறாருங்களே. ரெண்டு சம்பளம்னு எழுதிருவாங்க."

பாலுவைத் தேயிலைச் செடிகளுக்குள் போய் உட்காரச் சொன்னார்கள். அப்புறம் சுசீலாவின் சேலை புதுசாகத் தெரிந்தது. கிழிந்த சேலையைத் தேடி அவள் கெஸியா வீட்டிலிருந்த தன் பீரோவைக் குடைந்துகொண்டிருக்கும்போது ஜீப் வந்து நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தாள். அதிகாரியும், எஸ்டேட் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க் கமலேஷும் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெறும் சுவரைச் சுற்றிப் பார்த்த அதிகாரி உச்சுக் கொட்டினார். ஏதோ எழுதினார்.

சுசீலா வெளியே ஓடப் போனாள். கெஸியா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்கக்கா. அவரே மனசு எளகி எழுதறாரு. நீங்க வாயத் தொறந்தா கெட்டுரும்."

ஜீப் போய்விட்டது. அன்று சாமான்களைத் திரும்பத் தூக்கி வரும்போது சுசீலாவுக்கும் பாலுவுக்கும் கனமே தெரியவில்லை.

பத்தாம் நாள் கமலேஷ் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். அவனுக்குப் பின்னால் மூட்டை முடிச்சுகளோடு முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நின்றது. பெயர் வந்துவிட்டது என்று சுசீலா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கமலேஷ் கதவு எண்ணைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஏனுங்கம்மா, இது ஆளில்லாத ஊடுன்னு எழுதி, இவங்களுக்குக் குடுத்தாச்சு. நீங்க யாருங்க?"