பயில்வான் என்ற சேவலின் கால் வைத்தியம்

என் தங்கை மகன், அன்பு மருமகன் எல்முராதுக்கு மர்கிலானிலிருந்து மமசாலி மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமா, உன் அறைத்தோழர்கள் நலமா, சமர்கந்துத் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நாங்களும் பசுவும் திராட்சைப் பந்தலும் ஆண்டவன் அருளால் சுகம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய் என்பதால் எழுதுகிறேன்.

நம் சேவல் பயில்வானுக்குக் காலில் செதில் தூக்கி, வெள்ளைப் பொருக்குத் தட்டி, நடை நொண்டியது உனக்குத் தெரியும். "செதிலுக்கு அடியில பூச்சி இருக்கு மாமா. கழுவி, எண்ணெய் தடவிக்கிட்டே வாங்க. ஆற நாளாகும். அதுவரைக்கும் வேற கோழியோட சேர்க்காதீங்க" என்றாய். கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளை அப்படித்தான் பேசும். நாளுக்கு நான் எங்கே போவேன்? உன் மாமி ஓகிலாய் தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "வியாழக்கிழமை சம்பந்தி முதல் தடவையா வர்றாரு. முற்றத்துல இந்தச் சொறிக் காலைப் பார்த்தா, நம்ம ஆய்தீன் வளர்ந்த வீட்டைப் பத்தி என்ன நினைப்பாரு? அதுக்குள்ள சரியாகலேன்னா சூப்புதான்." பயில்வானைச் சூப்பாகக் குடிப்பதைவிட நான் பட்டினி கிடப்பேன்.

முதலில் நோயின் மூலத்தை ஆராய்ந்தேன். கண்ணேறு. அதைக் கழிக்கும் காய்ந்த இசிரிக் செடியைச் சட்டியில் கொளுத்திக் கூண்டுக்குள் புகை போட்டேன். ஊரே இருமியது என்றால் மிகை. நம் தெருவும் அடுத்த தெருவும்தான். கோழிகளெல்லாம் பறந்து பக்கத்து வீட்டுப் பந்தலில் ஏறிக்கொள்ள, ஜைனாபித்தீன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மமசாலி, வைத்தியம் பாக்குறியா, உயிரோட சுடுறியா?" என்று கேட்டான். அவனுக்கு விஞ்ஞானம் புரியாது. அப்புறம் பயில்வானை மட்டும் பிடித்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்தேன். பாத்திரம் அகலமாக வேண்டுமே என்று, சம்பந்திக்குப் பலாவ் சோறு பரிமாற மாமி எடுத்துவைத்திருந்த நீலத் தட்டை எடுத்தது உண்மைதான். கழுவித்தான் வைத்தேன். அதற்கும் மேல் ஒரு யோசனை வந்தது பார், உன் பேராசிரியர்களுக்குச் சாகும்வரை வராது. பலாவுக்கென்று தொங்கவிட்டிருந்த ஆட்டு வால்கொழுப்பு முழுவதையும் உருக்கி, பூண்டு நசுக்கிப் போட்டு, இரண்டு காலிலும் அப்பினேன். புது பூட்ஸ் மாதிரி மின்னியது. வாசனைக்கு நாற்பது பூனைகள் வந்து சூழ்ந்துகொண்டன. மாமி மூன்று என்பாள், அவளுக்கு எண்ணத் தெரியாது. விளக்குமாற்றோடு ஒற்றை ஆளாக நின்று பயில்வானைக் காத்தேன்.

"கொழுப்பு எங்க?" என்றாள் மாமி.

"நடந்துக்கிட்டிருக்கு."

வியாழனன்று பலாவ் வெறும் பருத்திக்கொட்டை எண்ணெயில் வெந்தது. ஆனால் சம்பந்தி இஸ்மத்துல்லா பலாவைப் பார்த்தால்தானே. பயில்வான் முற்றத்தில் நடந்து வந்ததும் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. "என்னங்க காலு இது, மெருகு போட்ட மாதிரி. எங்க பக்கத்துல இப்படி ஒரு சேவல் இல்லீங்க" என்றார். விருந்தாளி வாய்விட்டுப் புகழ்ந்த பொருளை அவருக்கே கொடுத்துவிடுவதுதானே நம் வழக்கம், என் கை சும்மா இருக்குமா? மாமி பின்னாலிருந்து கிள்ளக் கிள்ள, அங்கிக்கு மேல் கட்டியிருந்த இடுப்புக்கச்சையை அவிழ்த்துப் பயில்வானைக் கட்டி அவர் மடியில் வைத்தேன். கட்டித் தழுவிக்கொண்டார். "உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தது எங்க பாக்கியம்" என்றார். மாதம் ஒன்று ஆகிறது, தெருவில் இன்னும் அதே பேச்சு. ஒரு சொட்டு மருந்துக்கடைச் சரக்கு இல்லாமல் ஒரு சேவலையும் ஒரு சம்பந்தத்தையும் காப்பாற்றியவன் உன் மாமா என்று உன் கல்லூரியில் சொல்.

உன் படிப்பு சிறக்கட்டும், ஆயுள் நீளட்டும், உன் வீட்டு ரொட்டி என்றும் சூடாக இருக்கட்டும். மாமியின் துஆவும் ஆசியும்.

மமசாலி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் ஆய்தீன் போன் செய்தாள். சம்பந்தி வீட்டில் பயில்வானின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்களாம். கழுவலாமா? உள்ளே பழைய பொருக்கு அப்படியே இருக்கிறதாம். இப்போது அவர்கள் கோழிகள் எல்லாம் நொண்டுகின்றனவாம். நல்லவேளை, சம்பந்திக்குச் சந்தேகம் இல்லை. "எங்க வீட்டு மண்ணுதான் ஒத்துக்கலை, வைத்தியர் சம்பந்தியை வரச்சொல்லும்மா" என்கிறாராம். ஆகவே இதுவும் வெற்றிதான். ஆனால் ஆய்தீன் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். நீ உடனே மருந்துக்கடையில் சரியான மருந்தை வாங்கி, எப்படிப் போடுவது என்று பெரிய எழுத்தில் எழுதி, அல்வாப் பெட்டிக்குள் வைத்து டாக்சிக்காரரிடம் கொடுத்தனுப்பு. மேலே கொஞ்சம் நிஜ அல்வாவும் இருக்கட்டும். மாமி திறந்து பார்ப்பாள்.