இரண்டு சிவப்பும் ஒரு செத்த பேட்டரியும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் கோபமும் கலந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணனின் இளைய மகள் எழுதுவது. வீட்டில் நால்வரும் சௌக்கியம். ஐந்தாவதாக, ஊருக்குப் போகும்போது எங்கள் பொறுப்பில் நீங்கள் விட்டுப்போன கார் மட்டும் இன்று காலை ஏழரைக்குக் காலமாகி, எட்டரைக்கு எழுந்து உட்கார்ந்தது. சாயங்காலம் அப்பா உங்களுக்குப் போன் செய்வார். அவர் வாயில் இந்தக் கதை வேறு மாதிரி வரும் என்பதால், நான் முந்திக்கொண்டு எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

இன்றைக்கு அக்கா நர்ஸ் வேலையில் சேரும் நாள். பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அக்கா சாவியைத் திருகினாள், கார் 'டிக்' என்றது. மறுபடி திருகினாள், அந்த 'டிக்'கும் இல்லை. மூன்று வாரமாக யாரும் எடுக்காமல் பேட்டரி படுத்துவிட்டது. வரேன் என்ற டாக்ஸிக்காரரும் வரவில்லை. அக்கா அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்துவிட்டது. இந்தக் காரை எழுப்பாமல் நான் பள்ளிக்கூடம் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். (அது தியாகமா சந்தோஷமா என்று நீங்கள் ஆராய வேண்டாம்.)

எதிர்வீட்டுப் பல் டாக்டர், ஒரு வண்டி பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கும் கேபிளோடு தன் காரைக் கொண்டுவந்து நம் காரோடு மூக்கு உரச நிறுத்தப் பார்த்தார். ரெண்டு வண்டியும் தொடவே கூடாது அங்கிள் என்று ஒரு முழம் தள்ளி நிறுத்தி, இரண்டையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட வைத்தேன். பானெட்டைத் தூக்கினால் டாக்டர் பழக்கதோஷத்தில் "இன்னும் நல்லா திற" என்கிறார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வீக்கம் இல்ல, கசிவு இல்ல, தொடலாம். ஆனா ரெண்டும் சிவப்பா இருக்கே?" என்றார். இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள் சித்தப்பா. பெயிண்ட் கடை வைத்திருப்பவருக்கு மிச்சம் மீதியைத் தீர்க்க ஒரு இடம் வேண்டும், சரி. எங்கள் கேட் சிவப்பு, மாடிப்படிக் கம்பி சிவப்பு, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். துருப்பிடிக்கக் கூடாதென்று பேட்டரியின் இரண்டு முனையிலும் வயரிலும் அதே சிவப்பை அடித்து, கூட்டல் குறி கழித்தல் குறி எல்லாவற்றையும் மூடி வைத்தால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

அப்பா கேபிளின் சிவப்புக் கிளிப்பை எடுத்துக்கொண்டு, "சிவப்போட சிவப்பு, இதுல என்ன யோசனை" என்றார்.

"எந்தச் சிவப்புப்பா? மாத்திக் குடுத்தா டாக்டர் வண்டியும் சேர்ந்து போயிடும்."

"ரெண்டுல ஒண்ணு. பாதிக்குப் பாதி சரியா இருக்கும்."

"பாஸ் மார்க் போதாதுப்பா, இது பரீட்சை இல்ல."

பெயிண்டைச் சுரண்ட அப்பா எடுத்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிப் பத்திரப்படுத்தினேன், அது இரண்டு முனையிலும் ஒரே சமயம் பட்டால் வாணவேடிக்கை. என் பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டினேன். முக்கால் மணி ஆனது போல இருந்த கால் மணிக்குப் பிறகு கூட்டல் குறி தெரிந்தது, உள்ளே பளபளவென்று உலோகமும் தெரிந்தது. அதன்பின் எல்லாம் வரிசைதான்: சிவப்புக் கிளிப் முதலில் நம் கூட்டலுக்கு, மறுமுனை டாக்டர் வண்டிக் கூட்டலுக்கு, கறுப்பு டாக்டர் வண்டிக் கழித்தலுக்கு. கடைசிக் கறுப்பை அப்பா நம் பேட்டரிக் கழித்தலிலேயே மாட்டப் போனார். "அங்க மாட்டுனா பொறி வரும், பேட்டரியில வாயு இருக்கும்" என்றேன். "எனக்கும்தான் இருக்கு" என்று முறைத்தார். நான் விடவில்லை, பேட்டரிக்குத் தள்ளி எஞ்சினில் பெயிண்ட் படாத ஒரு இரும்புத் துண்டைக் கண்டுபிடித்து மாட்டினேன். (அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பது உங்கள் மனசாட்சிக்கே தெரியும்.) டாக்டர் வண்டி ஐந்து நிமிஷம் ஓடியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினாள். ஒரு இருமல், ரெண்டு இருமல், அப்புறம் உறுமல். மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொன்றாய்க் கழற்றி, ஒரு கிளிப்பையும் இன்னொன்றோடு உரச விடாமல் எடுத்தேன். அப்பா கைதட்டப் போனார், கையில் என்ன வச்சிருக்கீங்கன்னு பாருங்கப்பா என்று அதையும் நிறுத்தினேன்.

வழியில் நின்றால் தள்ள ஆள் வேண்டுமென்று அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டாள். ஒன்பது ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்று அதோடு விட்டுவிடுவார்களாம், சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறாள். ஆகையால் காரைப் பற்றி நீங்கள் இனி ஒரு துளியும் கவலைப்பட வேண்டாம், அது கெட்டிக்காரக் கையில் இருக்கிறது. சித்திக்கு என் அன்பு, குட்டிப் பயலுக்கு ஒரு குட்டு. நீங்கள் நூறு வயசு வரை, கையில் பிரஷ் இல்லாமல், நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியின் அடித்தளப் பார்க்கிங்கில், காருக்குள் எழுதினேன். அங்கே ஒரே இருட்டு, அதனால் உள்விளக்கைப் போட்டுக்கொண்டேன். எழுதச் சலிப்பாக இருந்ததால் பாட்டும் போட்டுக்கொண்டேன். அக்கா இப்போதுதான் வந்து சாவியைத் திருகினாள். 'டிக்'. கேபிள் எங்கே என்று கேட்டாள். வீட்டு வாசலில் அழகாகச் சுருட்டி வைத்திருக்கிறேன் என்றேன். அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எதிர் வரிசையில் ஒரு ஆம்புலன்ஸ் சும்மாதான் நிற்கிறது, டிரைவர் அண்ணன் முகமும் இளகின மாதிரி தெரிகிறது. கேபிள் வச்சிருக்கீங்களான்னு கேட்கப் போகிறேன்.